மூன்றாம் மாடித் தையல்காரர்

மார்ச் 4

அன்புள்ள புள்ளிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடாதே. முதல் பக்கமாவது படித்துவிட்டுப் பூட்டு. முகவரி கொடுத்தது உன் தம்பி. அவன்மேல் கோபப்படாதே, பாவம். மூக்குக்கண்ணாடி மாற்ற அவன் கடைக்குப் போயிருந்தேன். நான் கேட்டதும் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். கடைசியில், "ஃபோன் பண்ணா எடுக்க மாட்டா மாமா. லெட்டர் போடுங்க. திட்டிக்கிட்டே படிச்சிருவா" என்றான். நாம் பிரிந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இன்னும் என்னை மாமா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவன்தான்.

நான் இருக்கிறேன். சர்க்கரை கொஞ்சம், முழங்கால் வலி கொஞ்சம். நீ போன இரண்டாம் வருடம் நம் கம்ப்யூட்டர் கடையை மூடினேன். இப்போது ஒரு பல் மருத்துவரிடம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. மொத்தமே நாலு மிஷின். அதற்கு ஒரு ஆளா என்று நீ கேட்பது காதில் விழுகிறது. பிரிண்டரில் தாள் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அழைப்பு மணி அடிக்காவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வரவேற்பு மேசையில் நம் கடை மிஷின் ஒன்று இன்னும் ஓடுகிறது. நாம் இரண்டு பேரும் பாகம் பாகமாகப் பொருத்தியது. மருத்துவர் எந்தப் பொருளையும் லேசில் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று குறித்து வைக்க இது போதும் என்கிறார். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரையில் நீ வரைந்த ஸ்கிரீன்சேவர், 'எதிர் வீடு' வந்துவிடும். அந்த அடுக்குமாடிக் கட்டிடம், அதன் ஜன்னல்கள், தலை வாருகிற அம்மாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர், மூன்றாம் மாடியில் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருக்கிற தையல்காரர், எல்லாரும் வந்துவிடுவார்கள். பல்வலியோடு காத்திருப்பவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போன மாதம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்த ஒரு பெண், திரையைப் பார்த்துக் கத்திவிட்டாள். "ஐயோ, இது எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்தது! அந்த மூணாவது மாடி டெய்லர்! எங்கப்பா இவரு என்னிக்காவது திரும்புவாரான்னு பாத்துக்கிட்டே இருப்பாரு!" வாயில் வைத்திருந்த பஞ்சு தெறித்து என் மேசையில் விழுந்தது. பரவாயில்லை, பாராட்டு எந்த வடிவத்தில் வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பெண் புரோகிராம் எழுதுகிறவள். அவளும் சில பேரும் சேர்ந்து, கவனிக்க ஆள் இல்லாமல் கிடக்கிற பழைய புரோகிராம்களைத் தேடிப் பிடித்துத் திரும்ப ஓட வைக்கிறார்கள். நம் ஸ்கிரீன்சேவர்கள் ஏழையும் கேட்கிறாள். கட்டற்ற மென்பொருள் என்று சொல்கிறார்கள். சும்மா கொடுப்பது மட்டும் இல்லை. நாம் எழுதிய நிரலையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம். கடையில் மிஷின் வாங்குகிறவர்களுக்கு நாம் ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தோமே, அதையே உலகத்துக்குச் செய்வது என்று வைத்துக்கொள்.

ஆனால் எழுதிய இரண்டு பேரும் சம்மதித்து உரிமத்தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். உன் கையெழுத்து இல்லாமல் என் கையெழுத்துக்கு மதிப்பு இல்லை. அது எனக்கு ஒன்றும் புதிது இல்லை.

இன்னொரு அனுமதியும் வேண்டும். புது மிஷினில் ஓட வைக்க ஒவ்வொரு ஃபைலையும் திறந்து திருத்த வேண்டும். 'எதிர் வீடு' முழுக்க நீ எழுதியது. நம் கடைச் சட்டம் ஞாபகம் இருக்கிறதல்லவா: ஒருவர் எழுதி ஓடுகிற ஃபைலை மற்றவர் தொடக்கூடாது. இன்னொரு ஸ்கிரீன்சேவரில் உன் எறும்புகளை நான் 'சரி செய்யப்' போய், அவை எல்லாம் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்து, நீ மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்து, பிறகு சுவரில் எழுதி ஒட்டினோமே, அந்தச் சட்டம். இன்று வரை மீறவில்லை. நீ கொடுத்த ஃபிளாப்பியின் மேல் 'ஓடுது, தொடாதே' என்று எழுதியிருக்கிறாய். ஓடிக்கொண்டிருக்கிறது, நானும் தொடவில்லை. தொடட்டுமா?

உன் பதிலை எதிர்பார்க்கும்,
திருகாணி


மார்ச் 19

வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு அனுமதி கேட்க மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பேசும்போதும் இதில் பாதி பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறு ஸ்கிரீன்சேவர்களுக்குச் சம்மதம். உரிமத்தாளை அனுப்பினால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். 'எதிர் வீடு' வேண்டாம். அதைக் கொடுக்கவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். காரணம் கேட்காதீர்கள்.

புள்ளி என்று எழுத வேண்டாம். அந்தப் பெயரில் கூப்பிட இங்கே யாரும் இல்லை, அப்படியே நன்றாகத்தான் இருக்கிறது.

சர்க்கரைக்கு மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். 'கொஞ்சம்' என்று எழுதுகிற ஆட்கள்தான் நிறைய வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
வரைபட அறைப் பொறுப்பாளர்,
நில அளவை அலுவலகம்


ஏப்ரல் 2

அன்புள்ள வரைபட அறைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

அதிகாரிக்கு மனு எழுதுவதுபோல 'சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்' என்று ஆரம்பிக்கலாமா என்று யோசித்தேன். 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள்கூட என்னை "டேய்" என்றுதான் கூப்பிட்டாய். சரி, உன் விருப்பம். என் வாய்க்கு இனிமேல் மரியாதை பழகாது. நான் 'நீ' என்றே எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

சம்மதத்துக்கு நன்றி. உரிமத்தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஏழுக்கும் சேர்த்து ஒரே தாள்தான். 'எதிர் வீடு' என்பதை நான் அடிக்கவில்லை. வேண்டாம் என்றால் நீயே அடித்துவிடு. எனக்கு அதை அடிக்கக் கை வரவில்லை.

காரணம் கேட்காதே என்றாய், கேட்கவில்லை. என் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம் ஆறு தருகிறேன் என்று சொன்னேன். "மழை, பூனை எல்லாம் அழகா இருக்கு சார். ஆனா எல்லாரும் கேக்கறது அந்த பில்டிங்தான்" என்றாள். அவள் கூட்டத்தில் ஒருவர் அந்தக் கட்டிடத்தை ஞாபகத்திலிருந்து காகிதத்தில் வரைந்துகூட அனுப்பியிருக்கிறாராம். செடிக்காரருக்கு மீசை போட்டுவிட்டார். மீசை கிடையாது, எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேன்.

இன்னொன்று. மருத்துவர் மனம் மாறிவிட்டார். வரவேற்பு மேசைக்குப் புது மிஷின் சொல்லிவிட்டார், ஜூன் மாதம் வந்துவிடும். பழையதன் ஹார்ட் டிஸ்க்கும் கடகடவென்று இருமுகிறது. அது நின்றுவிட்டால், எனக்குத் தெரிந்து 'எதிர் வீடு' ஓடுகிற மிஷின் இந்த உலகத்தில் வேறு இல்லை. ஃபிளாப்பியில் இருக்கிற ஃபைலை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் திறந்து திருத்தாமல் அது இனி எதிலும் ஓடாது.

நான் நம் கடைக்கு மேலே இருந்த அதே அறையில்தான் இருக்கிறேன். கீழே இப்போது ஃபோன் உறை விற்கிறார்கள். வாடகைக்கு வந்தவர் நல்ல மனிதர், ஆனால் பாட்டு போடுகிறார். அறைக்கு ஒரு ஜன்னல். எதிரே முன்பு வீடுகள் தெரியும். இப்போது ஒரு விளம்பரப் பலகையின் பின்பக்கம் தெரிகிறது. வெறும் தகரமும் கம்பியும். ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போய்விடும். திங்கட்கிழமை காலையில் வரவேற்பில் இருக்கிற பெண் வணக்கம் சொல்லும்போது எனக்குத் தொண்டை கரகரக்கும். அதனால் வேலை முடிந்ததும் உடனே கிளம்புவதில்லை. காத்திருக்கிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து 'எதிர் வீட்டை'ப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். தையல்காரர் குனிந்தபடியே இருப்பார். எவ்வளவு வேலையோ அவருக்கு. இதைப் படித்து என்மேல் இரக்கப்படு என்று எழுதவில்லை. இப்படித்தான் இருக்கிறேன் என்று சொல்ல வேறு ஆள் கிடைக்கவில்லை.

அந்த ஜன்னல்கள் அணைந்துபோக வேண்டாம் என்று கேட்கிறேன். அவ்வளவுதான்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறேன்.

திருகாணி


ஏப்ரல் 20

வணக்கம்.

உரிமத்தாளை மேசையில் வைத்துக்கொண்டு பதினைந்து நாள் ஆகிறது. 'எதிர் வீடு' என்ற வரியை அடிக்க இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். இங்கே என் வேலையே கோடு போடுவதுதான். பழைய நில வரைபடங்களை மிஷினில் படம் எடுத்து, கிழிந்த இடத்தில் விட்டுப்போன கோடுகளை இழுத்துச் சேர்க்க வேண்டும். யார் நிலம் எங்கே முடிகிறது என்று தப்பாக ஒரு கோடு போட்டால் இரண்டு குடும்பம் நீதிமன்றத்துக்குப் போகும். அவ்வளவு கோடு போட்ட கைக்கு இந்த ஒரு கோடு வரவில்லை.

நீங்கள் உங்கள் அறையைப் பற்றி எழுதினீர்கள். நானும் எழுதுவதுதான் முறை. நானும் ஒரே அறைதான். தன் வீட்டுக்கு வந்துவிடு என்று அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், போகவில்லை. போன வருடம் அலுவலக மாடிப்படியில் விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆறு வாரம் கட்டு. உடைந்தது பெரிய விஷயம் இல்லை. ரவிக்கையின் முதுகுக் கொக்கி மாட்டத்தான் முடியவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு செவிலியர் இருக்கிறாள். தினமும் காலையில் அவள் பணிக்குப் போவதற்கு முன்னால் அவள் கதவைத் தட்டி, முதுகைக் காட்டி நிற்பேன். மாட்டிவிட்டு, "ஆச்சு, போங்க" என்பாள். அதுவரை மூன்று வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் அவளோடு நான் பேசியதில்லை. கட்டுப் பிரித்த பிறகு மறுபடி பேசுவதில்லை. காரணம் ஒன்றும் இல்லை, கொக்கி மாட்ட எனக்கே முடிகிறது.

இதை அக்காவிடமோ தம்பியிடமோ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உடனே மூட்டை கட்டிக்கொண்டு வந்து என்னையும் ஒரு மூட்டையாகக் கட்டிப் போயிருப்பார்கள்.

சரி. திறங்கள்.

நான் இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறேன். இந்த வயதில் யாருக்கு வெட்கப்பட்டு எதை மூடி வைப்பது? மற்றவர்கள் கண்ணில் படுவதற்கு முன்னால் நீங்கள் பார்ப்பதுதான் நியாயம். ஆனால் ஓட வைக்கத் தேவையான இடத்தை மட்டும் திருத்திவிட்டு மூடாதீர்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். படித்ததும் உடனே கடிதம் எழுதாதீர்கள். ஒரு வாரம் கழித்து எழுதுங்கள்.

உரிமத்தாளை இன்னும் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன்.

கவனமாக இருங்கள்.


ஏப்ரல் 27

புள்ளி,

ஒரு வாரம் பொறுக்க முடியவில்லை. ஒரு மணி நேரமே பொறுக்க முடியவில்லை. மருத்துவமனையில் மதியச் சாப்பாட்டு நேரம். வேலைக்காக வாங்கி வைத்திருக்கிற மிஷினில் உன் ஃபைல் திறந்திருக்கிறது. எதிரில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போகிற வரிகள் இருக்குமே, எழுதுகிறவர் தன் ஞாபகத்துக்காகப் போட்டு வைக்கிற குறிப்பு வரிகள். என் ஃபைல்களில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. உனக்குத் தெரியும், நான் எதையும் விளக்குகிற ஆள் இல்லை. உன்னுடையதில் நிரலைவிடக் குறிப்புதான் அதிகம் இருக்கிறது. அந்தக் காலத்து மிஷினில் தமிழ் ஏறாது என்று தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருக்கிறாய். ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படிக்க வேண்டியிருந்தது. வரவேற்புப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

முதல் மாடி: 'இந்த அம்மா தலை வாருகிறாள். எங்கும் போகப் போவதில்லை.' சிரித்தேன். இரண்டாம் மாடி: 'செடிக்குத் தண்ணீர், கை அசைய எட்டுப் படம் போதும்.' சரி என்று கீழே போனேன். மூன்றாம் மாடி: 'இவனைத் திருப்பப் பார்த்தேன். நாலு தடவை வரைந்தேன். முகம் வரவில்லை, முதுகுதான் பழகியிருக்கிறது. முதுகாகவே இருக்கட்டும். கையில் இருப்பது சால்டரிங் அயர்ன்.'

ஈயம் உருக்கி ஒயர் ஒட்ட நான் நாள் முழுக்கக் கையில் பிடித்திருந்த அதே அயர்ன். இருபத்திரண்டு வருடமாக நான் அவரைத் தையல்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ போன பிறகும் இரண்டு வருடம், கடையில் விற்ற ஒவ்வொரு மிஷினிலும் நானே அதை ஏற்றி அனுப்பினேன். ஊரெல்லாம் என் முதுகைப் பார்த்திருக்கிறது. திரும்புவாரா என்று யாரோ ஒருவருடைய அப்பா உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார். நான் மட்டும்தான் காத்திருக்கவில்லை.

கடைசிக் குறிப்பை அப்படியே எழுதுகிறேன், நீ மறந்திருந்தால்: 'திங்கட்கிழமை காலை ரயில். போகட்டுமா என்று கேட்டேன், உன் இஷ்டம் என்று சொன்னான். தலைகூட நிமிரவில்லை. இன்னொரு தடவை இங்கே கேட்கிறேன். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் டிக்கெட்டைக் கிழித்துவிடுவேன்.'

நான் திறக்கவில்லை புள்ளி. சட்டம் என்று திறக்கவில்லை. ஃபிளாப்பியைக் கையில் கொடுத்தாய், மேலே 'தொடாதே' என்று எழுதியிருந்தது, ஏற்றிப் பார்த்தேன், ஓடியது, "நல்லா வந்திருக்கு" என்றேன். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். பாராட்டு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மடையன்.

உன் இஷ்டம் என்று சொன்னது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு வெளியூரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, நான் குறுக்கே நிற்கக்கூடாது என்று. மனதுக்குள் போகாதே, போகாதே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சட்டத்தால், சுவரில் ஒட்டிய ஒரு தாளால் இப்படி ஆகிவிட்டது. கைக்கு எட்டிய இடத்தில் கேள்வி இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. நம் இரண்டு பேர் மேலும் தப்பு இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதில் சொல்கிறேன். போகாதே.

வியாழக்கிழமை மருத்துவமனை விடுமுறை. பஸ்ஸில் ஆறு மணி நேரம்தான் என்று விசாரித்துவிட்டேன். நான் வரட்டுமா?

உன்,
திருகாணி


மே 23

திருகாணி,

ஒரு வாரம் கழித்து எழுதச் சொன்னேன். அன்றைக்கே எழுதிவிட்டாய். பேச வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்க மாட்டாய், பொறுத்திருக்க வேண்டிய நேரத்தில் பொறுக்க மாட்டாய். பதில் எழுத எனக்குத்தான் நாலு வாரம் ஆகிவிட்டது.

உன் கடிதத்தில் ஆறுதல் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தேன். சட்டத்தால் ஆயிற்று, தப்பு யார் மேலும் இல்லை என்று நீ நிம்மதியாக இருந்துவிட்டுப் போ என்று. பிறகு, அந்த நிம்மதியோடு நீ பஸ் ஏறி வந்துவிடுவாய் என்று தோன்றியது. அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ திறக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே எழுதினேன். 'தொடாதே' என்று ஃபிளாப்பி மேல் எழுதியது நான்தானே? ஓடுகிற ஃபைலை நீ தொடவே மாட்டாய். உன்னைப் பற்றி எனக்கு வேறு எதுவும் நிச்சயமாகத் தெரியாது, அது மட்டும் தெரியும். நீ படித்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தால் டீ டம்ளருக்கு அடியில் ஒரு சீட்டு வைத்திருக்க மாட்டேனா?

முதலில் நேரில் கேட்டபோது நீ உன் இஷ்டம் என்றாய். அந்த நிமிடம் எனக்கு அழுகை வரவில்லை. 'அப்பாடா' என்று இருந்தது. அந்த அப்பாடாவைப் பார்த்து நானே பயந்துபோனேன். நாளைக்கு மனசாட்சி கேட்டால் இரண்டாவது தடவையும் கேட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. உனக்குக் கேட்காத இடமாக அது இருக்க வேண்டியிருந்தது. ஃபிளாப்பியைக் கொடுத்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எழுதியிருக்கிறாய். பாராட்டுக்காக நிற்கவில்லை. நீ திறந்துவிடுவாயோ என்று பயந்து நின்றேன்.

நீ கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அடித்தான், குடித்தான் என்றால் அக்காவிடம் சொல்லிவிட்டு வந்திருப்பேன். ஆறு வருடம் ஒரு முதுகோடு குடும்பம் நடத்தினேன் என்று யாரிடம் சொல்வது? இங்கே வந்த முதல் வாரம், பாய்கூட இல்லாத அறையில், நன்றாகத் தூங்கினேன். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

உனக்குத் தனிமையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் தனிமைதான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் என்னுடையதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உன்னுடையது நான் கொடுத்தது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அதைத் தீர்க்க நான் வர முடியாது, நீயும் இங்கே வராதே. இரண்டு பேர் தனிமையைச் சேர்த்து வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு தடவை நம்பிப் பார்த்தாயிற்று.

உரிமத்தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஏழுக்கும் சேர்த்துத்தான், எதையும் அடிக்கவில்லை. கொடுத்ததைக் கொடுத்தவர் திரும்பக் கேட்க முடியாது என்று அதில் ஒரு பத்தி இருக்கிறது. மூன்று தடவை படித்துவிட்டுத்தான் போட்டேன். நீயும் ஒரு தடவை படித்துப் பார்.

குறிப்புகளை அழிக்காதே. அழித்தால் அது நமக்குள் நடந்த ரகசியமாக ஆகிவிடும். யார் யாரோ படிக்கட்டும், சிரிக்கட்டும். அப்புறம் அது நம்முடையதாக இருக்காது. பெயர் போட வேண்டிய இடத்தில் புள்ளி என்று போடு. அந்தப் பெயரை அந்த ஃபைலுக்கே கொடுத்துவிடுகிறேன். எனக்கு வேண்டாம்.

இன்னும் ஒரு பொய் பாக்கி இருக்கிறது. முகம் வரவில்லை என்று எழுதியது உண்மை இல்லை. வந்தது. நன்றாகவே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே என்னால் கிளம்ப முடியாது என்று அழித்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.


ஜூலை 11

வணக்கம்.

உங்கள் கடிதமும் உரிமத்தாளும் கிடைத்து ஒன்றரை மாதம் ஆகிறது. உடனே எழுதக்கூடாது என்று இந்தத் தடவையாவது பொறுத்தேன். உண்மையில் முதல் இரண்டு நாள் வேலைக்கே போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அறையில் படுத்திருந்தேன். வலித்தது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பிறகு எழுந்து வேலையைப் பார்த்தேன்.

போன புதன்கிழமை ஏழையும் வெளியிட்டுவிட்டோம். 'எதிர் வீட்டில்' ஓடுவதற்கு வேண்டிய பதினோரு வரிகளை மட்டும் மாற்றினேன். குறிப்பு வரி ஒன்றைக்கூடத் தொடவில்லை, எழுத்துப்பிழைகூட அப்படியே இருக்கிறது. எழுதியவர் புள்ளி என்று உங்கள் பெயர் மட்டும்தான் அதில் இருக்கிறது. முதல் வாரம் முப்பத்தொரு பேர் எடுத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் செடியைப் பூக்க வைத்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. உங்களிடம் காட்ட வேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது, பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

மருத்துவமனைக்குப் புது மிஷின் வந்துவிட்டது. அதில் ஐந்து நிமிடம் தொடாவிட்டால் திரை கருப்பாகிவிடும். மின்சாரம் மிச்சமாகிறது என்று மருத்துவருக்குச் சந்தோஷம். நான் அதில் எதையும் ஏற்றவில்லை. வேலை முடிந்ததும் நேரத்தோடு கிளம்பிவிடுகிறேன்.

திரும்பக் கேட்க முடியாது என்று நீங்கள் சொன்ன பத்தியைப் படித்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. இதுதான் நான் எழுதும் கடைசிக் கடிதம்.

நேற்று அந்தப் பெண் இன்னொரு பல்லுக்காக வந்திருந்தாள். குறிப்புகளை எல்லாம் படித்திருக்கிறாள். உள்ளே கூப்பிடுவதற்காகக் காத்திருந்தவள் என் மேசைக்கு வந்து, "சார், இந்தப் புள்ளிங்கறவங்க யாரு? உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"ஒரே கடையில வேலை பாத்தோம்மா. நல்லா வரைவாங்க" என்றேன்.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதாம்மா."

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

இப்படிக்கு,
உங்களோடு கடையில் வேலை பார்த்தவன்